லயத்து இரவுகளும் அக்காலப் பாட்டுகளும்



இரவு வாழ்க்கை என்றதும் பட்டணத்து வண்ண விளக்குகளும் நடன மண்டபங்களும்தான் பலருக்கு நினைவு வரும். "தாத்தா, தோட்டத்தில் உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்ததா?" என்று என் பேரன் ஒருநாள் கேட்டான். இருந்தது. ஆனால் அது மிகவும் குட்டையான இரவு. அதைக் குட்டையாக்கியது ரப்பர் மரம்.

வெயில் ஏறுவதற்கு முன், குளிர்ந்த வேளையில்தான் பட்டையிலிருந்து பால் நன்றாக வடியும். பொழுது ஏற ஏற வடிப்பு நின்றுவிடும். ஆகவே இருட்டிலேயே பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் எழுந்து சோறு பொங்கிக் கட்ட வேண்டும். நான்கு மணிக்கு எழ வேண்டியவர்கள் எட்டு மணிக்கே பாயை விரித்தார்கள். மறுநாள் வேலையில்லாத இரவும், சம்பள நாள் இரவும், மாரியம்மன் திருவிழா இரவும்தாம் எங்களுக்கென்று இருந்தவை.

நான் பிறந்தது 1936-ஆம் ஆண்டில், மலாக்காவில், கடலுக்குச் சற்று உள்ளே இருந்த ஒரு தோட்டத்தில். யுத்தத்துக்கு முந்திய இரவுகள் எனக்குக் கனவுபோலத்தான் நினைவிருக்கின்றன. கோயில் திடலில் காஸ் விளக்கைக் கட்டித் தெருக்கூத்து ஆடுவார்கள். அரிச்சந்திரன் மனைவியை விற்கும் கட்டம் வரும்போது விடிந்துவிடும். பெண்கள் அழுதுகொண்டே எழுந்து அடுப்பு மூட்டப் போவார்கள். தப்பும் உறுமியும் ஒலிக்காத திருவிழா இல்லை. என் தகப்பனார் தெம்மாங்கு பாடுவார். எதிர்க்கட்சிக்காரர் ஓர் அடி போட்டால் இவர் இரண்டு அடி திருப்பிப் போடுவாராம். இது அம்மா சொல்லி நான் கேட்டது.

1943-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சயாமில் ரயில் பாதை போட ஆள் சேர்க்க வந்த லாரியில் அவர் ஏறினார். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதை அவ்வாண்டு அக்டோபரில் முடிந்தது. பாதை முடிந்தது, போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் காட்டிலேயே மாண்டார்கள். என் தகப்பனாரைப் பற்றி இன்ன இடத்தில், இன்ன நாளில் என்று ஒரு தகவலும் வரவில்லை.

தகவல் வராத சாவுக்கு மேளம் கொட்ட முடியாது. ஒப்பாரியும் வைக்க முடியாது. அம்மா பொட்டை அழிக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்த என் தங்கையைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டு மட்டும் பாடுவாள். "உங்கப்பன் வருவான்" என்கிற மாதிரியான பாட்டு. குழந்தை தூங்கிய பிறகும் அந்தப் பாட்டு நிற்காது.

யுத்தம் முடிந்து மூன்று ஆண்டுகூடத் தோட்டங்கள் நிம்மதியாக மூச்சு விடவில்லை. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டொரு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் தகவலும் போய்ச் சேராமல் தடுக்க, சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். எங்கள் தோட்டத்தில் பொழுது சாய்ந்தால் வேலிக் கதவு அடைபடும். இன்னும் சற்று நேரம் போனால் வீட்டை விட்டே வெளியே வரக்கூடாது. காலையில் வேலைக்குப் போகும்போது கட்டுச்சோறு கொண்டுபோகவும் தடை. கதவருகில் சோதனை போடுவார்கள். நாங்கள் வெறுந்தண்ணீரைக் குடித்துவிட்டுப் பால் வெட்டினோம்.

கூத்து நின்றது. தப்பைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். அந்த ஐந்தாண்டுகளில் எங்களுக்குக் கிடைத்த சங்கீதம் வானொலி ஒன்றுதான். 1946 ஏப்ரல் முதல் தேதி தொடங்கிய ரேடியோ மலாயா, தமிழிலும் ஒலிபரப்பி வந்தது. அரசாங்கம் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் பொது வானொலிப் பெட்டிகள் கொடுத்தது. எங்கள் பெட்டி ஆபீஸ் வாசலில் இருந்தது. சாவி கிராணி கையில். செய்திகளும், சரணடையச் சொல்லும் அறிவிப்புகளும் போக மிச்ச நேரத்தில் தியாகராஜ பாகவதரின் பாட்டு வரும். ஊரடங்கு மணி அடிப்பதற்குள் பாட்டு முடிய வேண்டுமே என்று தவிப்போம். பாதிப் பாட்டில் கிராணி பெட்டியை மூடிவிட்டுப் போன நாட்களும் உண்டு. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கும் மனைவி மக்கள் இருந்தார்கள்.

1953 செப்டம்பர் 3-ஆம் தேதி மலாக்காவின் ஒரு பகுதியை 'வெள்ளை வட்டாரம்' என்று அறிவித்தார்கள். நாட்டிலேயே அவசரகாலக் கட்டுப்பாடுகள் நீங்கிய முதல் வட்டாரம் அதுதான். எங்கள் தோட்டமும் அதற்குள் அடங்கியது. எனக்கு அப்போது வயது பதினேழு.

அடுத்து வந்த சனிக்கிழமை இரவு, பரணிலிருந்த தப்புகளை இறக்கினார்கள். தோல் நமத்துப் போயிருந்தது. சருகை மூட்டி நெருப்பில் காட்டினார்கள். இளவட்டங்கள் நாங்கள் ஆட்டத்துக்குத் தயாராக நின்றோம். அப்போது என் அம்மா வாசற்படியிலிருந்து இறங்கி வந்து, மூத்த மேளக்காரரிடம், "அண்ணே, அந்த மனுசனுக்கும் ஒருதரம் அடிச்சிடுங்க" என்றாள். அவர் ஒன்றும் பேசவில்லை. சாவு மேளம் அடித்தார். அம்மா தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். சயாமுக்குப் புருஷனை அனுப்பிய இன்னும் நான்கைந்து பெண்கள் வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் லயத்தில் அந்தச் சாவுகள் நடந்தன. அன்று நாங்கள் ஆடவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஆடினோம்.

பிறகு படக்காட்சி வந்தது. லாரியில் ஜெனரேட்டரையும் இயந்திரத்தையும் ஏற்றி வந்து, திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்காருவார்கள். அவர்களுக்கு எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும், கதாநாயகன் இடது கையால் வாள் வீசுவான். இருந்தது ஒரே இயந்திரமாகையால் சுருள் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். அந்த இடைவெளியில் யாராவது சற்று முன் கேட்ட பாட்டை எடுத்துவிடுவார்கள். கூட்டமே சேர்ந்து பாடும். 'பராசக்தி' படத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். மறுநாள் நிரையில் மரத்துக்கு மரம் வசனம் கேட்கும். பாட்டுப் புத்தகம் வாங்கிவந்து, தோட்டப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்த பெண்களும் உண்டு. எழுத்து தெரியாதவர்களுக்குப் பாட்டு தெரியக்கூடாதா என்ன?

பட்டணத்து இரவையும் பார்த்தேன். சைக்கிளில் இரண்டு பேராக மலாக்காவுக்குப் போவோம். காஜா பேராங்கில் மலாக்கா செட்டிகள் குடியிருக்கிறார்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்கு வந்த தமிழரின் வழிவந்தவர்கள். நெற்றியில் திருநீறு, பேச்சு மலாய். அங்கே ஒரு கல்யாண வீட்டில் முதன்முதலாக டொண்டாங் சாயாங் கேட்டேன். வயலின் முன்னே போக, ரெபானாவும் கோங்கும் தாளம் காட்ட, இருவர் மாறி மாறி நான்கடி பந்துன் பாடினார்கள். முதல் இரண்டு அடியில் பூவோ மீனோ வரும். பின்னிரண்டில் மனத்திலுள்ளது வரும். ஒருவர் கேள்வி போட, மற்றவர் அந்த இடத்திலேயே பதில் கட்டித் திருப்ப வேண்டும். மொழி பாதிதான் புரிந்தது. ஆனாலும் என் தகப்பனாரின் எதிர்ப்பாட்டு இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியது. விருந்து முடியும்வரை நான் நகரவில்லை.

சிங்கப்பூர் நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவுக்கும் ஒரு தடவை போனேன். 1923-இல் தோன்றிய இடம் அது. டிக்கெட் வாங்கினால் மேடையேறி ஜோகெட் ஆடலாம். பெண்ணைத் தொடாமல்தான் ஆட வேண்டும். நான் டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரும்பிவிட்டேன். அதற்குமேல் அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

1963 டிசம்பரில் கோலாலம்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது. நாளடைவில் டிரான்சிஸ்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது. திடலுக்கு வருவோர் குறைந்தார்கள். அதை நான் பழிக்கவில்லை. மழையில் நனையாமல் பாட்டுக் கேட்பது நல்லதுதான். டொண்டாங் சாயாங்கை 2018-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. செய்தியைக் கேட்டு மகிழ்ந்தேன். லயத்துப் பாட்டு எந்தப் பட்டியலில் இருக்கிறது என்றும் அன்று நினைத்தேன்.

1978-இல் ஒரு கேசட் ரெக்கார்டர் வாங்கி, அம்மாவின் முன்னால் வைத்து, "அந்தத் தாலாட்டைப் பாடும்மா" என்றேன். "பட்டப்பகல்ல பாட்டு வருமா ராசா?" என்றாள். இரவு வந்ததும் விளக்கை அணைக்கச் சொன்னாள். அணைத்தேன். கொஞ்ச நேரம் பாடினாள். பிறகு நிறுத்தி, போட்டுக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, "இது யாரு, கெழவி பாடறா?" என்று சிரித்தாள். அதற்குமேல் பாடவில்லை.

அந்த நாடா இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் அம்மாவின் குரலைவிட லயத்துக்குப் பின்னாலிருந்த சாக்கடைத் தவளைகளின் சத்தம்தான் அதிகம்.