கம்போ: திருத்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

2016 செப்டெம்பரில் டிஸ்னி நிறுவனம் முகநூலில் ஒரு சமையல் காணொளியைப் போட்டது. 2009 இல் வந்த 'த பிரின்சஸ் அன்ட் த ஃப்ரொக்' படத்தின் நாயகி தியானாவின் பெயரில், உடம்புக்கு நல்ல கம்போ செய்வது எப்படி என்பதுதான் விடயம். கேல் கீரை போட்டிருந்தார்கள். கினோவா தானியம் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான், லூசியானா மக்கள் கொதித்தெழுந்து விட்டார்கள். திட்டித் தீர்த்தார்கள், கேலி செய்தார்கள். கடைசியில் டிஸ்னி அந்தக் காணொளியையே எடுத்துவிட்டது.

ஒரு சட்டிக்குள் கொஞ்சம் கீரை போட்டதற்கு இவ்வளவு கோபமா என்று கேட்கத் தோன்றும். பதில் வரலாற்றில் இருக்கிறது. வீட்டில் கம்போ சமைத்துப் பார்த்து, "யூடியூபில் பார்த்த மாதிரி வரவில்லையே" என்று சலித்துக்கொள்பவர்களுக்கான பதிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் கம்போ என்றால் என்ன? ஐக்கிய அமெரிக்காவின் தெற்கே உள்ள லூசியானா மாநிலத்தின் சாப்பாடு அது. நமது பேச்சில் சொன்னால் ஒரு தடித்த ஆணம். கோழி, இறால், நண்டு, சொசேஜஸ் என்று கிடைப்பதைப் போட்டு நீண்ட நேரம் காய்ச்சி, சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். நாம் ஆணத்தைத் தடிப்பாக்கத் தேங்காய்ப்பால் விடுகிறோம். அவர்களிடம் அதற்கு மூன்று வழிகள்: வெண்டிக்காய், ஃபிலே என்ற ஓர் இலைத்தூள், ரூ என்ற வறுத்த மா. மூன்றும் மூன்று வெவ்வேறு மக்களிடமிருந்து வந்தவை. அந்த மூன்று மக்களும் சொந்த மண்ணிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்கள்.

வெண்டிக்காயிலிருந்து தொடங்குவோம். கம்போ என்ற பெயரே வெண்டிக்காயின் பெயர்தான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அங்கோலாப் பக்கத்துப் பாண்டு மொழிகளில் வெண்டிக்காய்க்குக் 'கிங்கொம்போ' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் இன்றும் வெண்டிக்காய் 'கொம்போ'தான். ஆங்கிலத்தின் 'ஒக்ரா' கூட நைஜீரியாவின் இக்போ மொழியிலிருந்து வந்தது. பெயரைக் கொண்டுவந்தவர்கள் ஆபிரிக்க அடிமைகள்.

லூசியானாவுக்கு முதல் அடிமைக் கப்பல்கள் 1719 இல் வந்தன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் செனகம்பியாவிலிருந்து, அதாவது இன்றைய செனகல், கம்பியா பகுதிகளிலிருந்து வந்தவர்கள். நெல் விதைக்கத் தெரிந்தவர்கள், சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். செனகலில் இன்றும் 'சுப்பு கஞ்சா' என்று ஒரு சாப்பாடு உண்டு. வெண்டிக்காய், செம்பனை எண்ணெய், மீன் எல்லாம் போட்டுத் தடிப்பாகக் காய்ச்சிச் சோற்றோடு சாப்பிடுவது. கம்போவின் மூத்த சகோதரி என்று சொல்லலாம்.

மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அந்தப் பக்கம் போன அடிமைகளில் முஸ்லிம்களும் இருந்தார்கள். ஃபூட்டா ஜாலோன் ஆட்சியாளரின் மகன் அப்துர் ரஹ்மான் இப்ராஹீமா 1788 இல் நியூ ஓர்லியன்ஸ் வழியாகக் கொண்டுபோகப்பட்டு, மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நாச்செஸ் ஊரில் விற்கப்பட்டார். அரபு எழுதப் படிக்கத் தெரிந்த மனிதர். நாற்பது வருடங்கள் அடிமையாக இருந்து 1828 இல் விடுதலையாகி, அடுத்த வருடமே லைபீரியாவில் மௌத்தானார். தனது ஊருக்குப் போய்ச் சேரவில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கம்போ பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் ஆகப் பழைய எழுத்துப் பதிவுகளில் ஒன்று 1764 ஆம் ஆண்டுக்குரியது. அது சமையல் புத்தகத்தில் வந்ததல்ல. நியூ ஓர்லியன்ஸ் நகரில் தப்பியோடிய அடிமைகள் சம்பந்தமாக நடந்த விசாரணையின் பதிவு அது. சமைத்தவர்களின் சாப்பாடு எழுத்தில் ஏறியது, அதிகாரி கேள்வி கேட்டபோதுதான். இல்லாவிட்டால் அதுவும் எழுதப்பட்டிருக்காது.

நமது அடுப்படிக்கு இதில் என்ன பாடம்? வெண்டிக்காயின் கொழகொழப்பை நமது உம்மாமார் எதிரியாகப் பார்ப்பார்கள். கழுவித் துடைத்து, நன்றாக வதக்கி, பழப்புளியோ தேசிக்காயோ விட்டு அதை விரட்டுவார்கள். கம்போவில் அந்தக் கொழகொழப்புத்தான் வேலையாள். ஆனால் பச்சையாக வெட்டிச் சட்டிக்குள் கொட்டினால் நூல் நூலாக இழுபடும். முதலில் வேறு தாச்சியில் கொஞ்சம் எண்ணெயில் நூல் அறும்வரை வதக்க வேண்டும். பிறகு ஆணத்தில் போட்டு நீண்ட நேரம் கரைய விட வேண்டும். தடிப்பு மிஞ்சும், இழுவை போய்விடும்.

இரண்டாவது, ஃபிலே. சசஃப்ராஸ் என்ற மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள். இது அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளான சொக்டோ மக்களுடையது. வெண்டிக்காய் கிடைக்காத காலத்தில் இந்தத் தூள்தான் கம்போவைத் தடிப்பாக்கியது. 1830 இல் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் சொக்டோ மக்களின் மிசிசிப்பி நிலங்கள் பறிக்கப்பட்டன. 1831 இலிருந்து ஆயிரக்கணக்கானோர் இன்றைய ஒக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டார்கள். குளிரிலும் நோயிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். லூசியானாவில் எஞ்சியிருந்த சொக்டோப் பெண்கள் நியூ ஓர்லியன்ஸின் பிரெஞ்சுச் சந்தையில் உட்கார்ந்து ஃபிலே விற்றார்கள். நிலம் போனது, தூள் மட்டும் நகரத்தின் சட்டிகளில் தங்கியது.

ஃபிலேயை அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிய பிறகுதான் தூவ வேண்டும். கொதிக்கும்போது போட்டால் கயிறு மாதிரித் திரிந்துவிடும். நமது நாட்டில் இது கிடைப்பது அருமை. அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. வெண்டிக்காயும் ஃபிலேயும் ஒன்றுக்கு மற்றது மாற்றாகத்தான் இருந்தன.

மூன்றாவது, ரூ. எண்ணெயில் கோதுமை மாவை வறுப்பது. பிரான்சிலிருந்து வந்த முறை. லூசியானாவின் பிரெஞ்சு பேசும் மக்களில் ஒரு பெரும் பகுதியினர் அக்காடியர்கள். இவர்கள் கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பகுதியில் விவசாயம் செய்து வாழ்ந்தவர்கள். 1755 இல் பிரித்தானியப் படை இவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றிக் கப்பல்களில் ஏற்றியது. வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். குடும்பங்கள் பிரிந்தன. அலைந்து திரிந்தவர்களில் ஒரு பகுதியினர் 1764, 1765 அளவில் லூசியானாவின் சதுப்பு நிலங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று 'கேஜன்' என்று அழைக்கப்படுபவர்கள் இவர்களின் பரம்பரையினர். வெளியேற்றம் என்றால் என்ன, கையில் எதை எடுத்துக்கொண்டு போக முடியும் என்பதை இந்தப் பக்கத்தை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வீட்டுக் கம்போ பிழைக்கும் இடம் பெரும்பாலும் இந்த ரூதான். ஒரு கோப்பை எண்ணெய்க்கு ஒரு கோப்பை மா. தடித்த அடியுள்ள சட்டி, மெல்லிய நெருப்பு, கை ஓயாமல் கிளற வேண்டும். வெள்ளை பொன்னிறமாகி, பிறகு கச்சான் நிறமாகி, கடைசியில் சொக்லட் நிறத்துக்கு வரும். முப்பது, நாற்பது நிமிடம் எடுக்கும். பலர் பத்து நிமிடத்தில் அலுத்துப்போய்த் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். பிறகு ருசி இல்லை என்பார்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் கருகிவிட்டது என்று அர்த்தம். இரக்கப்படாமல் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விடயம். ரூ கறுக்கக் கறுக்க ருசி கூடும், தடிப்பாக்கும் சக்தி குறையும். சூட்டில் மாப்பொருளின் நீண்ட சங்கிலிகள் உடைந்துவிடுவதுதான் காரணம். ஆகவே கறுத்த ரூ செய்து அது மட்டும் தடிப்பாக்கும் என்று நம்பினால் ஆணம் தண்ணியாக நிற்கும். ருசிக்கு ரூ, தடிப்புக்கு வெண்டிக்காய் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தால் சரிவரும். நிறம் வந்ததும் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் பொடியாக வெட்டி உள்ளே போட வேண்டும். அந்த ஈரம்தான் ரூ மேலும் கருகாமல் நிறுத்தும்.

சரி, இவற்றில் எது 'ஒரிஜினல்' கம்போ? 1803 இல், லூசியானா அமெரிக்காவின் கைக்குப் போகும் தறுவாயில் நியூ ஓர்லியன்ஸில் நடந்த பெரிய விருந்தொன்றில் கம்போ பரிமாறப்பட்டது. கடலாமைக் கம்போவும் அதில் இருந்தது. 1824 இல் மேரி ரண்டொல்ஃப் வெளியிட்ட வேர்ஜீனியச் சமையல் புத்தகத்திலும் கம்போ வருகிறது. அதில் ரூ இல்லை, இறைச்சி இல்லை. வெண்டிக்காயை அவித்து உருக்கிய பட்டர் ஊற்றுவது மட்டும்தான். அதை அவர் மேற்கிந்தியத் தீவுகளின் உணவு என்கிறார். மேரி அடிமைகளை வைத்திருந்த பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். புத்தகத்தில் பெயர் அவருடையது.

1881 இல் சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு புத்தகம் வந்தது. எழுதியவர் அபி ஃபிஷர். அடிமையாகப் பிறந்த பெண், எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். அதில் வெண்டிக்காய்க் கம்போ இருக்கிறது, சிப்பிக் கம்போ இருக்கிறது. சமைத்த கையே முதலில் புத்தகத்துக்கும் சொந்தம் கொண்டாடிய அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

ஆக, கம்போ எப்போதும் திருத்தப்பட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறது. லூசியானாவின் பராத்தாரியா குடாவில் பிலிப்பைன்ஸ் மக்களும் சீனர்களும் தண்ணீரின் மேல் மேடை கட்டி இறால் காயவைத்தார்கள். காய்ந்த இறாலின் மேல் நடந்து மிதித்து ஓட்டைக் கழற்றுவார்கள். பிலிப்பைன்ஸ் மக்கள் வாழ்ந்த 'மணிலா கிராமம்' 1965 ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. அந்தக் காய்ந்த இறாலும் கம்போவுக்குள் போனது. நாம் கூனி இறாலை ஆணத்துக்குப் போடுவது மாதிரித்தான்.

அப்படியானால் டிஸ்னி மீது மட்டும் ஏன் கோபம்? இலைக் கம்போ என்று ஒரு வகையே உண்டு, பல வகைக் கீரைகள் போட்டுச் செய்வது. நியூ ஓர்லியன்ஸின் புகழ்பெற்ற சமையல்காரர் லியா சேஸ் வருடந்தோறும் அதைச் சமைத்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்காரச் சட்டம் இடம் தராத காலத்தில், சிவில் உரிமைப் போராளிகள் அவரது உணவகத்தில் கூடித் திட்டமிட்டார்கள், கம்போ சாப்பிட்டார்கள். ஒபாமா ஜனாதிபதியாவதற்கு முன் அங்கே வந்து கம்போவில் ஹொட் சோஸ் ஊற்றியபோது லியா சேஸ் அவரையே கண்டித்தார். தியானா பாத்திரத்துக்கு முன்மாதிரியாக இருந்தவரும் அவர்தான். 2019 இல், 96 வயதில் காலமானார்.

எனவே பிரச்சினை கீரை அல்ல. அந்தப் பெண்களின் பெயரால் சம்பாதித்துவிட்டு, அவர்கள் செய்த சாப்பாட்டில் ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது என்று கேட்காமலே அதைத் 'திருத்த' வந்ததுதான் பிரச்சினை. அந்தக் காணொளியில் ரூ கூட இருக்கவில்லை.

இதே அளவுகோலை நமக்கும் வைத்துப் பார்ப்போம். கம்போவில் பன்றிச் சொசேஜஸ் போடுவார்கள், நமக்கு ஆகாது. அதை நீக்குவது கம்போவைக் கெடுப்பதா? இல்லை. கோழிக் கம்போவும் கடலுணவுக் கம்போவும் பழைய வகைகள்தான். ஆனால் அந்தச் சொசேஜஸ் என்ன வேலை செய்தது என்று கேட்க வேண்டும். புகை வாசம் தந்தது. ஆகவே கோழியைச் சிரட்டைக் கரியில் கொஞ்சம் வாட்டிப் போடுங்கள். இறாலின் தலையையும் ஓட்டையும் வீசாமல் அவித்து வடித்த தண்ணீரில் காய்ச்சுங்கள். இறாலைக் கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும் போடுங்கள். தேங்காய்ப்பாலும் கறித்தூளும் போடக் கை துடிக்கும். போட்டால் நல்ல இறால் ஆணம் கிடைக்கும், கம்போ கிடைக்காது. முடிந்தால் முதல் நாளே சமைத்து வையுங்கள். அடுத்த நாள்தான் ருசி இறங்கும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நமது ஊர்களிலும் புளியாணத்திலிருந்து வட்டிலப்பம் வரை எத்தனையோ சாப்பாடுகள் கையால் கைக்கு வந்தவை. எழுதி வைத்தவர்கள் குறைவு. உங்கள் வீட்டில் நன்றாகச் சமைக்கும் மூத்தம்மாவோ மாமியோ இருந்தால், அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகளை எழுத வையுங்கள். அளவையும் எழுதச் சொல்லுங்கள், எதற்காகப் போடுகிறார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மேலே அவரது முழுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.