அழுகிய பெண்பாம்பு: டெல்ஃபியின் கொலைக்கதைகள்

கிரேக்கப் புராணங்களில் பாம்பு அரக்கர்களுக்குப் பஞ்சமில்லை. லெர்னா சதுப்பில் ஹைட்ரா, தீப்ஸ் ஊற்றருகே ஏரெஸின் பாம்பு, ஹெஸ்பெரிடிஸ் தோட்டத்தில் பொன் ஆப்பிள் மரத்தைச் சுற்றிக் கிடக்கும் லாடன், கோல்கிஸில் தங்கக் கம்பளிக்குக் காவலிருக்கும் தூங்காப் பாம்பு. எல்லாவற்றிலும் வெளியிலிருந்து ஒருவன் வருகிறான். கொல்கிறான், இல்லையென்றால் மயக்குகிறான். பிறகு பொருளை எடுத்துக்கொண்டு போகிறான், அல்லது அங்கேயே குடியேறி ஊரும் கோயிலும் கட்டிக்கொள்கிறான். அவன் வருவதற்கு முன்பு பாம்பு அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: காவல். முன்பே அங்கே இருந்தது என்பதைத் தவிர அதன்மேல் வேறு குற்றம் சாட்டுவது பல கதைகளில் கொஞ்சம் சிரமம்.

'டிராகன்' என்றதும் சிறகும் நெருப்பும் நமக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. கிரேக்கர்களின் 'த்ராகோன்' சிறகும் காலும் இல்லாத பெரிய பாம்பு, அவ்வளவுதான். 'பார்த்தல்' என்று பொருள்படும் வினையோடு இச்சொல்லை இணைக்கிறார்கள். உற்றுப் பார்க்கும் பிராணி. அதன் பெண்பால் 'த்ராகைனா'. இந்தப் பெண்பாலில்தான் விஷயம் இருக்கிறது.

டெல்ஃபியில் அப்பல்லோ பைத்தன் என்ற ஆண்பாம்பைக் கொன்றான் என்று எல்லாக் கையேடுகளும் எழுதுகின்றன. ஆனால் நமக்குக் கிடைத்துள்ள பழைய பிரதியான, ஹோமரின் பெயரால் வழங்கும் அப்பல்லோ துதிப்பாடலில் (கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கொள்கிறார்கள்) அது பெண். அவளுக்குப் பெயரும் கிடையாது. மனிதரையும் ஆடுகளையும் அழித்தாள் என்று ஒரு வரிக் குற்றப்பத்திரிகை வாசிக்கப்படுகிறது. அப்பல்லோவுக்கு அவள் எந்தத் தீங்கும் செய்யவில்லை. ஊற்றருகே அம்பெய்து கொன்றுவிட்டு, இங்கேயே அழுகிக் கிட என்கிறான். வெயிலில் உடல் அழுகுகிறது. அழுகுதல் என்ற சொல்லிலிருந்து அந்த இடத்துக்குப் 'பைத்தோ' என்று பெயர் வந்ததாம். குறிசொல்லும் பெண் 'பைத்தியா', நான்கு ஆண்டுகளுக்கொருமுறை நடந்த விளையாட்டுகள் 'பைத்திய விளையாட்டுகள்'. பெயரில்லாமல் செத்தவளின் பிணநாற்றத்திலிருந்து ஒரு புனிதத் தலத்தின் பெயர்களெல்லாம் பிறந்திருக்கின்றன.

இந்தக் கொலையின் நடுவிலேயே துதிப்பாடல் இன்னொரு கதைக்குள் நுழைகிறது. அதீனாவை ஸீயஸ் தன் தலையிலிருந்து தானே பெற்றெடுத்தான் என்ற கோபத்தில் ஹீரா தரையை அறைந்து பூமியை வேண்டுகிறாள். ஓராண்டு அவன் படுக்கையை அண்டாமலிருந்து, ஆண் துணையில்லாமல் டைஃபோனைப் பெறுகிறாள். வளர்க்கக் கொடுத்தது இந்தப் பெண்பாம்பிடம். தாயில்லாமல் தகப்பன் பெற்றது அறிவின் தெய்வம், தகப்பனில்லாமல் தாய் பெற்றது அரக்கன். கதையாடலின் அரசியல் இத்தனை வெளிப்படையாகத் தெரிவது அபூர்வம். (ஹெஸியடில் டைஃபோயஸின் தாய் பூமி, தகப்பன் தார்த்தரஸ். ஹீரா அதில் வருவதில்லை.) பாம்பைக் கொன்ற கையோடு அப்பல்லோ, தன்னை ஏமாற்றி அங்கே அனுப்பிய தெல்ஃபூசா என்ற நீர்தேவதையைத் தேடிப்போய் அவள் ஊற்றைப் பாறைகளால் மூடுகிறான். அடுத்தடுத்து இரண்டு பெண்கள் முடிந்தார்கள்.

இனி எஸ்கிலஸ். கி.மு. 458இல் மேடையேறிய 'யூமெனிடிஸ்' நாடகத்தின் தொடக்கத்தில் பைத்தியாவே வந்து தலவரலாறு சொல்கிறாள். முதலில் பூமித்தாய் கையா, பிறகு அவள் மகள் தெமிஸ், பிறகு ஃபீபி, அவள் அப்பல்லோவுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தாள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லையாம். பாம்பையே காணோம்! கொலை நடந்த இடத்தில் தானப்பத்திரம் வாசிக்கிறார்கள். இதே நாடகத்தில்தான் அப்பல்லோ பிறகு எழுந்து, தாய் என்பவள் பெற்றவளல்ல, விதையைச் சுமப்பவள் மட்டுமே என்று வாதாடுகிறான். தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸ் விடுதலையாகிறான். தொடக்கத்தில் பாம்பு ஏன் காணாமல் போயிற்று என்பதை இங்கே வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

யூரிப்பிடிஸ் வேறு ஆள். 'டாரிஸில் இஃபிஜெனியா' நாடகத்தின் ஒரு கோரஸில், தாயின் கையிலிருக்கும் பச்சைக் குழந்தை அப்பல்லோ பாம்பைக் கொன்று தெமிஸை வெளியேற்றுகிறான். பூமி சும்மா இருக்கவில்லை. தூங்கும் மனிதர்களுக்குக் கனவுகளை அனுப்பி, எதிர்காலத்தை நேரடியாகச் சொல்லிவிடுகிறாள். கோயிலுக்கு வேலையில்லாமல் போகிறது. குழந்தை ஓடிப்போய் ஸீயஸின் சிம்மாசனத்தைப் பிடித்துக்கொள்கிறது. பொன் குவியும் வழிபாட்டுக்குப் பிள்ளை இவ்வளவு சீக்கிரம் ஆசைப்படுகிறதே என்று தகப்பன் சிரிக்கிறான், கனவுகளை நிறுத்துகிறான். புனித அதிகாரத்தின் பொருளாதாரத்தை இதைவிடக் குறும்பாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்து, ஆதித்தாய் வழிபாட்டை ஆண் கடவுளோடு வந்தவர்கள் அழித்தார்கள் என்று வரலாறு எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள். 1861இல் பாகோஃபென் தாயுரிமை பற்றி எழுதியதும், 1912இல் ஜேன் ஹாரிசன் 'தெமிஸ்' எழுதியதும் அந்தத் திசையில்தான். நம் பக்கத்து ஆட்களுக்கு இந்த வாசிப்பின்மேல் ஒரு சபலம் உண்டு. ஆனால் டெல்ஃபியில் அப்பல்லோவுக்கு முன் கையாவின் குறிமேடை இருந்ததற்கு மண்ணில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. மைசீனியக் காலப் பெண் சுடுமண் உருவங்கள் கிடைத்துள்ளன, அவை வேறு பல இடங்களிலும் கிடைப்பவைதான். 'முந்தைய உடைமையாளர்' கதை வழிபாட்டு வரலாற்றின் நினைவல்ல, அப்பல்லோவின் ஒழுங்கை உயர்த்திக் காட்டப் புனையப்பட்ட புராணம் என்று 1987இல் கிறிஸ்டியான் சூர்வினூ-இன்வுட் வாதிட்டார். எனக்கு அது சரியென்றே படுகிறது. அதனால் கதையின் வன்முறை குறைந்துவிடாது. நடக்காத கொலையை உண்டாக்கி, அதன்மேல் தன் உரிமையை ஒரு கோயில் நிறுவுகிறது என்றால் விஷயம் இன்னும் மோசமாகிறது.

எல்லாப் பாம்பும் கொல்லப்படவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. ஏதென்ஸின் முதல் மன்னன் கெக்ரொப்ஸ் இடுப்புக்குக் கீழே பாம்பு. அந்த வால் அவனுக்கு இழிவில்லை, மண்ணிலிருந்தே முளைத்தவன் என்பதற்குப் பட்டா. கி.மு. 451இல் தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடியுரிமை என்று சட்டம் போட்ட நகரத்துக்கு அப்படிப்பட்ட மூதாதை தேவையாக இருந்தான். அக்ரோபோலிஸில் ஒரு காவல் பாம்பு உண்டென்றும் அதற்கு மாதாமாதம் தேன் பணியாரம் வைப்பார்களென்றும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். கி.மு. 480இல் பாரசீகப் படை நெருங்கியபோது பணியாரம் தொடாமல் கிடந்தது. தெய்வமே போய்விட்டது என்று சனங்கள் ஊரைக் காலிசெய்தார்கள். தன் மண்ணின் பாம்பு என்றால் பணியாரம், பிடிக்க வேண்டிய மண்ணின் பாம்பு என்றால் அம்பு.

டெல்ஃபியில் செத்தவளுக்குப் பேச்சே தரப்படவில்லை. ஹெஸியட் டைஃபோயஸின் நூறு தலைகளுக்கும் குரல் கொடுத்தார்: தேவர்களுக்குப் புரியும் பேச்சு, காளையின் முழக்கம், சிங்கத்தின் கர்ஜனை, நாய்க்குட்டியின் சத்தம், சீறல். பிறகு ஸீயஸின் இடி எல்லாவற்றையும் அடக்கிற்று. பைத்திய விளையாட்டுகளில் பாம்புச் சண்டையைக் குழலில் வாசிக்கும் போட்டி ஒன்று இருந்தது. கி.மு. 586இல் ஆர்கோஸைச் சேர்ந்த சக்கடஸ் அதில் வென்றான். அந்த இசையின் கடைசிப் பகுதி, சாகும் பிராணியின் சீறலைப் போலச் செய்வது என்கிறார் ஸ்ட்ராபோ. கொன்றவர்களின் திருவிழாவில், பரிசுக்காக, கொல்லப்பட்டதன் கடைசி மூச்சு திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டது.

இன்னொரு சடங்கும் இருந்தது, செப்டீரியோன். எட்டாண்டுக்கொருமுறை களத்து மேட்டருகே ஒரு குடிசை கட்டுவார்கள். ஒரு சிறுவனைச் சத்தமில்லாமல் அங்கே கூட்டிப்போய், தீவட்டியால் கொளுத்தி, மேசையைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பாராமல் ஓடுவார்கள். பிறகு அந்தச் சிறுவன் அலைந்து திரிந்து, தெம்பே பள்ளத்தாக்கில் கொலைத்தீட்டுக் கழிக்க வேண்டும். டெல்ஃபியிலேயே பூசாரியாக இருந்த ப்ளூட்டார்க்கின் எழுத்தில் இந்தச் சடங்கைப் பற்றி ஒரு சந்தேகம் எழுப்பப்படுகிறது: அந்தக் குடிசை பாம்பின் வளையைப்போல் இல்லையே, ஒரு கொடுங்கோலனின் அல்லது அரசனின் வீட்டைப்போல அல்லவா கட்டப்படுகிறது?