நோயாளியைத் தூக்கும்போது இடுப்பு பிடிக்குதா? சரியான முறை இதுதான்!

படுக்கையில் இருக்கும் அப்பா, அம்மாவை நாற்காலிக்கு மாற்றும்போது 'சுளீர்'னு இடுப்பில் வலி வருதா? நர்ஸ்களுக்கும் இதே பிரச்னைதான்.

ஏன் வலிக்கிறது?
நோயாளி மூட்டை மாதிரி அசையாமல் இருக்க மாட்டார். திடீரெனச் சரிவார், நம்மைப் பிடித்து இழுப்பார். அதனால்தான் பொருட்களைத் தூக்க அதிகபட்சம் 23 கிலோ என்று சொல்லும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு, நோயாளி என்றால் சுமார் 16 கிலோதான் என்கிறது. அதாவது, பெரியவர் ஒருவரை ஒரே ஆளாக முழுசா தூக்கவே கூடாது. அவரை எழ வைத்து மாற்ற வேண்டும்.

எப்படி மாற்றுவது?
* என்ன செய்யப் போறோம்னு முதலில் அவரிடம் சொல்லுங்க.
* சக்கர நாற்காலிக்கு பிரேக் போடுங்க. பக்கவாதம் என்றால், நல்லா இயங்கும் கை, கால் பக்கம் நாற்காலி இருக்கட்டும்.
* கால்களை அகட்டி நின்று, முட்டியை மடக்குங்க. முதுகை வளைக்காதீங்க.
* அவரை உடம்போடு ஒட்டிப் பிடிங்க. '1, 2, 3' சொல்லி, அவரும் கால் ஊன்றி எழட்டும்.
* இடுப்பை முறுக்காமல், பாதங்களை நகர்த்தித் திரும்புங்க.

இதைச் செய்யாதீங்க
அக்குளில் கை கொடுத்தோ, செயலிழந்த கையைப் பிடித்தோ இழுக்காதீங்க. தோள்மூட்டு விலகலாம். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் விடாதீங்க. அவர் சரிந்தால், தூக்கிப் பிடிக்கப் போராடாமல் மெதுவாகத் தரையில் உட்கார வையுங்க.

கால் ஊன்றவே முடியாதவரா? ஆள் பலம் போதாது, தூக்கும் கருவிதான் பாதுகாப்பு. பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்க.