ஹூஸ்டனில் பிறந்த புல்வெட்டி கரிசலில் ஏன் முரண்டு பிடிக்கிறது?

ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்ததும் நம் வளாகத்தில் காலி இடமெல்லாம் பச்சையாகிவிடும். மதில் ஓரத்தில் அருகும் கோரையும் முழங்கால் உயரம் நிற்கும். பாம்பு வருமோ என்ற பயம் வந்த பிறகுதான் ஸ்டோர் ரூமில் கிடக்கும் பெட்ரோல் புல்வெட்டி நினைவுக்கு வரும். எடுத்துக் கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகாது. இருபது தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "மெஷின் போச்சு சார், புதுசு வாங்கிடலாம்" என்று முடிவுக்கு வந்துவிடுவோம்.

பெரும்பாலும் மெஷின் போயிருக்காது. அது எந்த ஊரில், எந்த வேலைக்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், நம் ஊரில் அது ஏன் மக்கர் பண்ணுகிறது என்பதும் விளங்கும். புதிது வாங்கப் பணம் ஒதுக்குவதற்கு முன் அந்தக் கதையை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

புல் குப்பையாக இல்லாத காலம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டில் நம் தாத்தா பாட்டி காலத்தில் புல்வெட்டும் மெஷினுக்குத் தேவையே இருந்ததில்லை. அன்று புல் குப்பை அல்ல, மாட்டுக்குத் தீவனம். வரப்பில் முளைத்ததைப் பன்னரிவாளால் அறுத்துக் கட்டாகக் கட்டி வீட்டுக்குச் சுமந்து வந்தார்கள். மல்லி, பருத்தி விதைத்த காட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து களைக்கொத்தால் களை எடுத்தார்கள். அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டார்கள். ஆடு மிச்சம் மீதியை மேய்ந்தது, நிலத்துக்கு உரமும் கிடைத்தது. வெட்டிய புல்லை எங்கே கொட்டுவது என்ற கேள்வி, மாடு இல்லாத நம் அடுக்குமாடி வாழ்க்கையில்தான் வந்தது.

நெசவு ஊர் தந்த யோசனை

புல்லை அழகுக்காக வளர்த்து, அழகுக்காகவே வெட்டும் பழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியது. அங்கே ஸ்ட்ரவுட் என்ற ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830-ல் முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்ட்ரவுட் கம்பளித் துணி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சீராக வெட்டும் உருளையைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

ஆனால் அந்த உருளை மரத்தடியிலும் சுவர் ஓரத்திலும் நுழையாது. அந்த இடங்களைக் கத்தரிக்கோலோ அரிவாளோ வைத்துத்தான் வெட்ட வேண்டியிருந்தது. இதற்கு வழி பிறக்க 140 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரில் இருந்த ஜார்ஜ் பல்லாஸ் என்பவர் 1971-ல் தன் காரைக் கழுவும் நிலையத்துக்குக் கொண்டுபோனார். அங்கே சுழலும் நைலான் தூரிகைகள் காரின் மூலை முடுக்கெல்லாம் புகுந்து அழுக்கை எடுத்தன, பெயிண்டுக்குச் சேதம் வரவில்லை. இதே போலப் புல்லை வெட்டினால் மரப்பட்டை காயப்படாதே என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து, ஒரு பாப்கார்ன் தகர டப்பாவில் ஓட்டை போட்டு, தூண்டில் நரம்பைக் கோத்து, ஒரு மோட்டாரில் மாட்டிச் சுழற்றினார். புல் அறுந்தது. பெரிய கம்பெனிகள் கைவிரிக்கவே, தானே 'வீட் ஈட்டர்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். 1977-ல் அந்த நிறுவனத்தை எமர்சன் எலெக்ட்ரிக் வாங்கிக்கொண்டது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இந்த நரம்பு இளம் புல்லுக்காக வந்தது, மரப்பட்டைக்குக் காயம் படக் கூடாது என்றே வந்தது. இரண்டு, ஹூஸ்டன் மழைக்குக் குறைவில்லாத ஊர். ஆண்டின் பெரும்பகுதி புல் வளரும், மெஷினும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் மண்ணில் நடப்பது

நம் கதை வேறு. மதில் ஓரத்தில் அருகம்புல் மட்டுமா முளைக்கிறது? சீமைக் கருவேலமும் முளைக்கிறது. 1870-களில் சென்னை மாகாணத்துக்கு விறகுத் தேவைக்காகக் கடல் கடந்து வந்த மரம் இது. வறண்ட நிலத்தில் எளிதாகப் பரவி, கண்மாய், ஊருணி, தரிசு என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. இங்கே பல குடும்பங்களுக்கு அதுவே விறகு, அதுவே கரிமூட்டப் பிழைப்பு. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்ட பிறகும் அது போனபாடில்லை. நைலான் நரம்பால் இதை அடித்தால் நரம்புதான் அறும். பிளேடால் தரைக்கு மேலே வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும். கன்றாக இருக்கும்போதே கடப்பாரை, மண்வெட்டியால் வேர்க்கட்டையோடு தோண்டி எடுப்பதுதான் வழி.

அடுத்தது தூக்கம். நமக்குப் புல் காலம் ஐப்பசி முதல் தை வரைதான். மற்ற எட்டு மாதமும் மெஷின் வெயில் காய்ந்த அறையில் கிடக்கிறது, டேங்கில் பழைய பெட்ரோலோடு. அந்தப் பெட்ரோல் மெல்ல ஆவியாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசினாகப் படிகிறது. 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். ஐப்பசியில் கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகாததற்கு முதல் காரணம் இதுதான்.

ஸ்டார்ட் ஆகவில்லையா?

பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதியது ஊற்றுங்கள். பாதி நேரம் இதிலேயே சரியாகிவிடும். அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. துடைத்துக் காயவைத்து, சோக்கைத் திறந்துவிட்டு இழுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரையும் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஸ்டார்ட் ஆகியும் இழுவை இல்லையென்றால் ஏர் ஃபில்டரைத் தட்டுங்கள், கரிசல் புழுதி கொட்டும். அதன் பிறகும் சரியாகாவிட்டால் சைலன்சரில் கரி அடைத்திருக்கலாம். அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

நரம்பு அடிக்கடி அறுகிறதா? வெயிலில் நைலான் காய்ந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். மாட்டுவதற்கு முந்தின இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஈரத்தை உறிஞ்சி மறுபடி நெகிழும்.

எதை வாங்குவது?

பல மெஷின்களில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். எடை குறைவு, ஆனால் பெட்ரோலில் ஆயிலை அளந்து கலக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், எஞ்சின் போய்விடும். ஆள் மாறி ஆள் ஓட்டும் நம் போன்ற இடத்தில் இந்த அளவு தவறுவது சுலபம். 1990-களின் பிற்பகுதியில் ஹோண்டா நிறுவனம், எப்படிச் சாய்த்தாலும் ஓடும் கைப்பிடி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டுவந்தது. இதில் கலக்கும் வேலை இல்லை. ஆயில் அளவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். புதிது வாங்கியே ஆக வேண்டுமென்றால், நேரான தண்டும் சுமார் 35 சிசி திறனும் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக்கே நமக்குப் பொருந்தும். நரம்புத் தலையோடு பிளேடும் சேர்த்து வாங்க வேண்டும். சின்னப் புல்வெளி மட்டும் இருக்கும் குடியிருப்புக்குப் பேட்டரி மெஷினே போதும். கலிஃபோர்னியாவில் 2024 முதல் விற்பனைக்கு வரும் புதிய சிறு எஞ்சின்கள் புகை விடக் கூடாது என்றே விதி வந்துவிட்டது.

எந்த மெஷினானாலும், அதன் காப்புத் தகட்டைக் கழற்ற விடாதீர்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று கழற்றிவிடுகிறார்கள். தகடு இல்லாவிட்டால் நரம்பு நீளமாக ஓடி எஞ்சினைத் திணறடிக்கும், சரளைக் கல்லும் கண்ணுக்குப் பறக்கும். வெட்டுபவருக்குக் கண்ணாடியும் பூட்ஸும் சங்கம்தான் வாங்கித் தர வேண்டும். அவர் வேலை செய்யும்போது பிள்ளைகள் 15 மீட்டருக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

கடைசியாக ஒன்று. தை மாதம் கடைசிப் புல்லை வெட்டி முடித்த அன்றே டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, துடைத்து வைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான். மழை நாட்டில் பிறந்த மெஷினுக்கு நம் எட்டு மாத வெயிலைத் தாங்க இவ்வளவு உதவி செய்தால் போதும். அடுத்த ஐப்பசியில் மூன்றாவது இழுப்பிலாவது ஸ்டார்ட் ஆகும், புது மெஷினுக்கான பணமும் சங்கத்திலேயே இருக்கும்.