விண்ட்ஹூக் நீர் மீட்பு
நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில், வீட்டுக் கழிவுநீரைத் தூய்மையாக்கி, ஆற்றிலோ நிலத்தடியிலோ விடாமல் குடிநீர் வழங்கலில் நேராகச் சேர்க்கும் முறை. இது நேரடிக் குடிநீர் மறுபயன்பாடு எனும் வகையைச் சார்ந்தது. வற்றாத ஆறு அருகில் இல்லாததாலும், அணைநீர் பெருமளவு ஆவியாவதாலும், 1968இல் நகரின் கொரியங்காப் பகுதியில் இவ்வகையில் உலகின் முதல் நிலையம் இயங்கத் தொடங்கியது. நச்சு வேதிப்பொருள்கள் கலவாதவாறு தொழிற்சாலைக் கழிவைத் தொடக்கத்திலேயே பிரித்துவிடுவது இம்முறையின் அடிப்படையாகும். பின்னர் ஓசோன், கிளர்வூட்டிய கரி, நுண்துளைச் சவ்வு, குளோரின் எனப் பல தடுப்புகள் அடுத்தடுத்து அமைவதால், ஒன்று தவறினும் மற்றொன்று கிருமிகளைத் தடுக்கிறது. 2002இல் நிறைவுற்ற புதிய நிலையம் நாளொன்றுக்கு 2.1 கோடி லிட்டர் கொள்திறனுடையது. மீட்ட நீர் பிற மூலங்களின் நீருடன் கலந்தே வழங்கப்படுகிறது.