வளைகுடாப் பள்ளிகளில் தொடக்க இயற்கணிதம்

வளைகுடா நாடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளை இயற்கணிதத்தை எந்த வகுப்பில், எந்த வரிசையில் கற்கும் என்பது, அது சேரும் பள்ளியின் பாடத்திட்டத்தைப் பொறுத்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் சி.பி.எஸ்.இ., பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டங்கள் அரசுப் பாடத்திட்டத்தோடு அருகருகே நடக்கின்றன. சி.பி.எஸ்.இ.யில் இயற்கணிதம் தனிப் பாடமல்ல. நடுநிலை வகுப்பில் எண்ணுக்குப் பதில் எழுத்தாகத் தலைகாட்டி, ஆண்டுதோறும் சிறுகச் சிறுக வளர்ந்து, பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டை எட்டுகிறது. பிரிட்டிஷ் முறையும் வடிவியல், புள்ளியியலோடு கலந்தே கற்பிக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளில் மட்டும் எட்டு அல்லது ஒன்பதாம் வகுப்பில் ‘அல்ஜீப்ரா 1’ என்று ஓராண்டுப் பாடம் உண்டு. சார்புகளும் அவற்றின் வரைபடங்களும் அங்கே முன்வரிசையில் நிற்கும்.

எந்த வழியில் வந்தாலும் முதலில் கைவர வேண்டியவை சிலவே: எழுத்தையும் எண்ணாகக் கருதிக் கையாளுதல், கோவைக்கும் சமன்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு, சமக்குறியின் இரு பக்கமும் ஒரே மதிப்பு என்ற உணர்வு, சொற்கணக்கைச் சமன்பாடாக்கும் திறன். “அந்தப் பக்கம் போனால் குறி மாறும்” என்ற டியூஷன் சூத்திரம் விடையைத் தரும், காரணத்தைத் தராது. இரு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டுகிறோம் அல்லது கழிக்கிறோம் என்பது பிடிபடாத பிள்ளை, பின்னங்கள் வந்ததும் தடுமாறிவிடும்.

கடை ரசீதே இதற்கு நல்ல பயிற்சி. அமீரகத்தில் 2018 ஜனவரி 1 முதல் 5 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி உண்டு. வரியோடு 63 திர்ஹம் கொடுத்த பொருளின் அசல் விலை என்ன? பலரும் 63-இல் 5 விழுக்காட்டைக் கழித்து 59.85 என்பார்கள். வரி கணக்கிடப்பட்டது 63-க்கு அல்ல, தெரியாத அந்த அசல் விலைக்கு. அதை ப என்று வைத்தால் 1.05ப = 63; ப = 60. சவூதி 2020 ஜூலையில் வரியை 15 விழுக்காடாக்கியது, பஹ்ரைன் 2022-இல் 10 ஆக்கியது. அதே 60 சவூதியில் 69 ரியால், பஹ்ரைனில் 66 தினார். விழுக்காட்டுக்கும் ஓர் எழுத்தை இட்டுவிட்டால் மூன்று நாட்டுக்கும் ஒரே சமன்பாடு போதும்.

பாக்தாதில் அல்-குவாரிஸ்மி ஏறத்தாழ கி.பி. 820-இல் எழுதிய இயற்கணித நூலும் பங்கு பிரிப்பு, வணிகம் போன்ற நடைமுறைத் தேவைகளுக்காகவே எழுதப்பட்டது. வாரிசுரிமைக் கணக்குகளுக்கு அதில் பெரும் இடம் உண்டு. எதிர்ம எண்களை ஏற்காததால் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்தார். ஒரு வர்க்கமும் அதன் மூலத்தைப்போல் பத்து மடங்கும் சேர்ந்து 39 என்பது அவருடைய புகழ்பெற்ற கணக்கு. சதுரம் வரைந்து, அடுத்தடுத்த இரு பக்கங்களில் 5 அகலச் செவ்வகங்களை ஒட்டுகிறோம். மூலையில் 25 பரப்புள்ள சதுரம் ஒன்று குறைகிறது. அதை நிரப்பினால் மொத்தம் 64, பெரிய சதுரத்தின் பக்கம் 8, மூலம் 3. இருபடிச் சூத்திரத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்களுக்கு இந்தப் படத்தை ஒருமுறையாவது வரைந்துகாட்டுவது நல்லது.

பாடத்திட்டம் மாறும்போதுதான் இடைவெளி தெரியவருகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் அணிகள், மூன்று மாறிச் சமன்பாடுகள், பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலம் ஆகியவற்றைப் பத்தாம் வகுப்பிலேயே வைத்திருக்கிறது, சி.பி.எஸ்.இ.யில் அணிகள் பன்னிரண்டாம் வகுப்பில்தான். ஒன்பது முடித்து ஊர் திரும்பும் பிள்ளைக்கு அணிகள் புதிது என்றாலும் கூட்டல், பெருக்கல் விதிகளாகச் சில வாரங்களில் படிந்துவிடும். காரணிப்படுத்தலில் கைப்பழக்கம் இல்லாவிட்டால்தான் வர்க்கமூலத்திலும் இருபடிச் சமன்பாட்டிலும் ஆண்டு முழுக்கத் திணறல்.