பொச்சாப்பு: ஒரு சொல்லும் ஒரு கரையும்

செருக்கு வேறு, பொச்சாப்பு வேறு. செருக்குடையோன் பிறரைத் தாழ்வாக நோக்குகிறான். பொச்சாப்புடையோனோ தனக்கு வாய்த்த நலத்திலே மகிழ்ந்து, செய்யவேண்டியதை மறந்துவிடுகிறான். வள்ளுவர் இதற்கென்றே 54ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். அளவிறந்த சினத்தினும் தீயது, அளவிறந்த உவகையால் வரும் மறதியே என்றார். உருவம், செல்வம், ஆற்றல் முதலியவற்றால் மகிழ்ந்து கடமையிற் சோர்தல் எனப் பரிமேலழகர் இதற்குப் பொருள் கண்டார். நிறைவு குற்றமன்று, நிறைவு மறதியாக மாறுவதே குற்றம்.

கல்முனைக் கரையில் இச்சொல் இன்று பேச்சு வழக்கில் இல்லை. மார்க்கப் பிரசங்கங்களில் ஒலிக்கும் ‘கிபுறு’ என்ற அரபுச் சொல்லும் செருக்கையே குறிக்கும். சொல் வழக்கொழிந்தது, அது சுட்டிய நோய் ஒழிந்ததா?

மருதமுனை முதல் பொத்துவில் வரை நீளும் இக்கரையில் நெல்வயலே நெடுங்காலம் பெருஞ்செல்வமாக இருந்தது. பெருநிலக்காரர் போடியார் எனப்பட்டார். அவருடைய வயலில் நின்று வேளாண்மை செய்வித்தவன் முல்லைக்காரன். களஞ்சியம் நிரம்பியபோது போடியாரின் மனமும் நிரம்பிற்று. விளைச்சலை இறைவன் அளித்த பறக்கத்து என்று போற்றிய மனம், உழைத்த கையின் பங்கை எண்ண மறந்தது. தனிமனிதரின் தீக்குணம் என்று இதனை ஒதுக்குதல் தகாது; நிலவுடைமை தன் மடியில் வளர்த்த மனநிலை இது.

காலமோ நிற்கவில்லை. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. பட்டிப்பளை ஆறு மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. மேற்கே புதிய குடியேற்றங்கள் எழுந்தன. 1958இல் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகை உழவனுக்கும் உரிமையுண்டு என்றது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நீரும் நிலமும் ஆட்சியும் கைமாறும் காலத்திலே, நேற்றைய விளைச்சலை எண்ணி மகிழ்ந்திருத்தல் எவரைக் காக்கும்?

1945இல் வந்த இலவசக் கல்வி, உழைப்பாளியின் பிள்ளைக்கும் பள்ளிக் கதவைத் திறந்தது. அவ்வழியே வந்தோர் பலர் இங்கு ஆசிரியராயினர், எழுத்தாளருமாயினர். 1996இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் எழுந்தது. இவை உண்மையான வெற்றிகள். பெருமிதம் கொள்ளத் தக்கவை.

ஆயினும் ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, ஒன்று கேட்போம். மாதச் சம்பளமும் பட்டமும் இன்று நமது களஞ்சியங்கள் ஆகிவிடவில்லையா? வயலில் கூலிக்கு நிற்பவனின் பிள்ளை இடையிலே படிப்பை விட்டால், அதனை அவன் தலைவிதி என்று நாமும் சொல்வதில்லையா? போடியாரைப் பழித்தல் எளிது. அவர் எழுந்துபோன சாய்மனைக் கதிரையில் இன்று அமர்ந்திருப்பவர் யார் என்று பார்த்தலே கடினம்.

அதைப் பார்ப்பதற்கேனும் இப்பழஞ்சொல்லை மீட்டுக்கொள்வோம்.